புள்ளலூர்: வாணமும் கோணமும்

புள்ளலூர் என்றதும் கல்வெட்டு படித்தவர்களுக்கு மகேந்திரவர்மன் நினைவுக்கு வருவான். அவன் பகைவரை அழித்த இடமாகக் காசாக்குடிச் செப்பேடு இவ்வூரைத்தான் சொல்கிறது. ஐயம்பேட்டைத் தறிச்சத்தத்தைத் தாண்டி வடக்கே போனால், ஏரியும் வயலுமான அதே சமவெளி. 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை இங்கே வளைத்து முறியடித்தார்கள். மன்றோவின் பெரும்படை காஞ்சிபுரத்திலேயே இருந்தும் உதவிக்கு வந்து சேரவில்லை. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததே முடிவைத் தீர்மானித்தது. வெடிக்கச் செய்தது பீரங்கிக் குண்டா, மைசூர் வாணமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

வாணம் பற்றிப் பேசுவோர் அதன் இரும்புக் குழலையே வியக்கிறார்கள். எனக்கு வியப்பு, அதை ஏவியவர்கள்மீதுதான். குழலின் விட்டத்தையும் இலக்கின் தூரத்தையும் கொண்டு சாய்வுக் கோணத்தைக் கணிக்க அவர்கள் பயிற்றப்பட்டிருந்தார்கள். நெசவாளி பாவின் இழுப்பை விரலால் அறிவதுபோன்ற கல்வி அது; ஏட்டில் ஏறாதது.

ஏட்டில் ஏறியது வேறு. சமதரையில் 45 டிகிரியே அதிகத் தூரம் தரும் என்று 1537இல் டார்ட்டாக்லியா எழுதினார். 1638இல் கலிலியோ நிறுவினார். உயரத்திலிருந்து எறிந்தால் இவ்விதி பொருந்தாது. குண்டு புறப்படும் வேகத்தை அது தரையைத் தொடும் வேகத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது உரிய கோணத்தின் டேன்ஜன்ட். உயரம் கூடக் கூடக் கோணம் தாழும்.

புள்ளலூரில் குன்றில்லை, ஆகவே செஞ்சிக்குப் போவோம். 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையிட்ட கோட்டை அது. அதன் ராஜகிரி சுமார் 800 அடி, அதாவது ஏறத்தாழ 240 மீட்டர். நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஒரு குண்டு அங்கிருந்து கிளம்புவதாகக் கொள்வோம். காற்றின் தடையை ஒதுக்கிவிடுவோம். (வாணத்துக்கு இக்கணக்கு அப்படியே ஒவ்வாது, அது பறக்கும்போதும் எரிந்து உந்தப்படுகிறது.) உரிய கோணம் 39 டிகிரிக்குச் சற்று மேல். தூரம் சுமார் 1,237 மீட்டர், சமதரையிலோ 1,020தான்.

மலையுச்சியிலும் பழக்கதோஷத்தால் 45 டிகிரியே வைத்துச் சுட்டால்? 1,221 மீட்டர். மலை தந்தது இருநூறுக்கு மேல். கோணத்தைத் திருத்தியதால் கூடியது பதினாறே மீட்டர். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் கேட்டான்: "அந்தப் பதினாறு மீட்டருக்குள் வெடிமருந்து வண்டி நின்றிருந்தால், ஐயா?"