மார்ட்டின்ஏர் 138 விமான விபத்து

இலங்கை மலையகத்தில், நோர்ட்டன் பிரிட்ஜ் அருகே ஏழு கன்னியர் மலைத்தொடரில் 1974 டிசம்பர் 4 இரவு நிகழ்ந்த விபத்து. நெதர்லாந்து நிறுவனமான மார்ட்டின்ஏரின் டிசி-8 விமானம், இந்தோனேசிய ஹஜ் பயணிகள் 182 பேருடன் சுரபாயாவிலிருந்து ஜெத்தா நோக்கிச் சென்றது. வழியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வேண்டியிருந்தது. விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக விமானிகள் நம்பினர். உண்மையில் அது பல மைல் தொலைவில் இருந்தது. டாப்ளர், வானிலை ராடார் கருவிகளை நம்பித் தம் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்ததே காரணம் என விசாரணை கண்டது. இருளில் உயரம் குறைத்த விமானம் மலைமுகட்டில் மோதிச் சிதறியது. பணியாளர் ஒன்பது பேர் உட்பட 191 பேரும் மாண்டனர். இலங்கையின் மிகக் கொடிய விமான விபத்து இதுவே. புனிதக் கடமைக்காகப் புறப்பட்டவர்கள் பாதிவழியில் மடிந்தது பெருந்துயரம். நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச்சின்னம் உள்ளது.