பொன்னியின் செல்வனும் இடம் மாறிய ஆறும்

பொன்னியின் செல்வன் படம் ரெண்டு பாகமும் வந்து ஓடி, பேசி, சண்டை போட்டு எல்லாம் ஆறிப்போச்சு. 2022 செப்டம்பர் 30ல முதல் பாகம், 2023 ஏப்ரல் 28ல ரெண்டாவது. விருதும் வாங்கிட்டாங்க. இப்ப நிதானமா ஒண்ணு சொல்லலாம்னு தோணுது. இது சினிமாவுக்கான கதையே இல்லைங்க. டிவி தொடருக்கான கதை. அதுவும் நல்லா காசு போட்டு எடுக்க வேண்டிய தொடர்.

ஏன்னு கேட்டா முதல்ல கணக்கு. ஐந்து பாகம், மொத்தம் 293 அத்தியாயம். 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில் ஆரம்பிச்சு 1954 மே வரைக்கும் வாராவாரம் வந்த தொடர்கதை. அதாவது மூன்றரை வருஷம் ஜனங்க அடுத்த வாரம் என்ன ஆகும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. ஒவ்வொரு அத்தியாயத்தையும் கல்கி எங்கே நிறுத்துறார்னு பாருங்க. கதவு திறக்கும், யார் வந்தாங்கன்னு சொல்லாம முடிச்சிருப்பார். "ஆ!" என்று ஒரு அலறல் கேட்கும், தொடரும் போட்டுடுவார். இன்னைக்கு சீரியல்காரங்க செய்யுற எல்லா வித்தையும் அந்த மனுஷன் அப்பவே செய்தாச்சு. இப்படி எபிசோடாவே பிறந்த கதையை ரெண்டே முக்கால் மணி நேரம் வீதம் ரெண்டு துண்டாக்கினா என்ன ஆகும்? ஓட்டம் இருக்கும், உட்கார இடம் இருக்காது.

கேம் ஆஃப் த்ரோன்ஸோட ஒப்பிட்டுப் பேசாத ஆளே இல்லை. அங்கேயும் இதுவரைக்கும் ஐந்து புத்தகம்தான், ஆனா முடியாத ஐந்து. 1996ல முதல் புத்தகம் வந்தது, ஐந்தாவது 2011ல. அதே 2011ல ஹெச்பிஓ தொடரை ஆரம்பிச்சு எட்டு சீசன், 73 எபிசோட் எடுத்து 2019ல முடிச்சாங்க. ஆசிரியர் மார்ட்டின் ஆறாவதை இன்னும் எழுதிக்கிட்டே இருக்கார். டிவி அவரைத் தாண்டி ஓடிப்போய், கடைசி சீசனில் ரசிகர்கள் கையில் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டது. நமக்கு அந்தக் கவலையே இல்லை. கல்கி 1954 டிசம்பரில் காலமாவதற்கு முன்னாடியே கதையை முடிச்சு, முடிவுரையில் யாருக்கு என்ன ஆச்சுன்னு வாசகர்களுக்குப் பதிலும் சொல்லிட்டுத்தான் போனார். நம்ம கதையில் டிராகன் கிடையாது, மாயமந்திரம் பெருசா கிடையாது. ஆனா ஃபேண்டஸி ரசிகர்கள் தேடுற வால்நட்சத்திரம், சுரங்கப்பாதை, சதிக்கூட்டம், பழிவாங்க வந்த பெண், ரெண்டு மதுராந்தகன் எல்லாம் இருக்கு.

முயற்சி பண்ணாமலும் இல்லை. 1958லேயே எம்ஜிஆர் படமா எடுக்கிறேன்னு அறிவிச்சார். வைஜெயந்திமாலா, பத்மினி, சாவித்திரி, சரோஜாதேவி, ஜெமினி கணேசன் என்று பெரிய பட்டியல். வந்தியத்தேவன், அருள்மொழிவர்மன் ரெண்டுமே அவர்தானாம் (வேற யாரு!). பின்னாளில் 'முள்ளும் மலரும்' எடுத்த மகேந்திரன்தான் அப்போ திரைக்கதை எழுத உட்கார்ந்தவர். எம்ஜிஆருக்கு விபத்தில் அடிபட்டு, அது அப்படியே நின்னு போச்சு. அப்புறம் கமல். சினிமாவா முயற்சி பண்ணார், டிவிக்கு நாற்பது பகுதியாவும் யோசிச்சார், ரெண்டும் நடக்கலை. 2019ல சௌந்தர்யா ரஜினிகாந்த் எம்எக்ஸ் பிளேயருக்காக வெப்சீரிஸ்னு அறிவிச்சாங்க. அதுவும் கண்ணில் படலை.

இதுக்கு நடுவில் ஜெயிச்சது யாருன்னா நாடகக்காரங்க. 1999ல மேஜிக் லான்டர்ன் குழு சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ திறந்தவெளியில் போட்டாங்க. அந்த நாடகத்தை எழுதின குமரவேல்தான் பின்னாடி மணிரத்னத்தோட சேர்ந்து படத்துக்கும் திரைக்கதை எழுதினார். இருபது வருஷத்துக்கு மேல ஒரே கதையை ஒரு ஆள் வெட்டி வெட்டிப் பழகியிருக்கார்னா, எதை வெட்டலாம்னு அவரை விட நல்லா யாருக்குத் தெரியும்?

அப்படியும் வெட்டினது வலிக்குது. மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. அவள் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுற இடத்தைப் படிச்சுட்டு எங்க வீட்டில் மூணு தலைமுறை மூக்கைச் சிந்தியிருக்கு. சேந்தன் அமுதன் சும்மா வந்துட்டுப் போறார்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. நாவலில் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் நிஜப் பிள்ளை, அவர்தான் கடைசியில் உத்தம சோழனாக முடி சூடுறார். அதுவரைக்கும் மதுராந்தகன்னு திரிஞ்சவன் வேற ஆள். சரித்திரத்தில் இந்த ஆள்மாறாட்டம் எதுவும் கிடையாது. கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த மதுராந்தகன் உத்தம சோழனானார், 985 வாக்கில் ராஜராஜன் வர்ற வரைக்கும் ஆண்டார், அவ்வளவுதான். மதுராந்தகனை அசடாவும் சதிகாரனாவும் வளர்த்துட்டதால, அவனுக்கே கிரீடத்தைக் கொடுக்க கல்கிக்கு மனசு வரலை, நல்ல பையன் ஒருத்தனைக் கொண்டுவந்து உட்கார வெச்சார்னு நான் நினைக்கிறேன். படத்தில் நேரம் இல்லாம அந்தத் திருப்பத்தையே தூக்கிட்டாங்க. விளைவு? கல்கியை விட்டு விலகினதால படம் அந்த ஒரு இடத்தில் சரித்திரத்துக்குக் கிட்ட போயிடுச்சு. புத்தகத்துக்கு விசுவாசமா இருக்கிறதும் சரித்திரத்துக்கு விசுவாசமா இருக்கிறதும் ஒண்ணு இல்லைங்கறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை. டிவி தொடர் எடுக்கிறவங்க முதல் நாளே ரெண்டில் எதுன்னு முடிவு பண்ணிக்கணும்.

இது முக்கியமா என்ன? என்னைக் கேட்டா ரொம்ப முக்கியம். எங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்றேன்.

எங்க ஊர் திருவாமாத்தூர். விழுப்புரத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர், பம்பையாற்றங்கரை, அபிராமேசுவரர் கோயில், பாடல் பெற்ற தலம். சுவாமி கோயிலும் முத்தாம்பிகை கோயிலும் எதிரும் புதிருமா தனித்தனியா இருக்கும். இந்த ஊர் மேல இரட்டைப்புலவர்கள் ஒரு கலம்பகம் பாடினாங்க. ஒருத்தருக்குக் கண் தெரியாது, இன்னொருத்தருக்குக் கால் நடக்காது. கண் இல்லாதவர் தோளில் கால் இல்லாதவர் ஏறிக்கிட்டு ஊர் ஊராப் போவாங்கன்னு சொல்வாங்க. அரங்கேற்றத்தில் ஒரு சிக்கல். கோயில் ஆற்றுக்கு எந்தக் கரையில் இருக்குன்னு மாத்திப் பாடிட்டாங்க. ஊர்க்காரங்க விடுவாங்களா? தப்புன்னு சொல்லிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி மழை கொட்டி, வெள்ளம் வந்து, ஆறு தடம் மாறி கோயிலுக்கு அந்தப் பக்கமா ஓட ஆரம்பிச்சுதாம். பாட்டு சரியாப் போச்சு!

சின்ன வயசில் இதைக் கேட்டு புலவர்களோட சக்தின்னு வாயைப் பிளந்தேன். இப்போ வேற மாதிரி தெரியுது. நல்லா சொன்ன கதைக்கு முன்னாடி ஆறுதான் இடம் மாறணும், கதை மாறாது. நந்தினின்னு ஒருத்தி சரித்திரத்தில் கிடையாது, பூங்குழலி கிடையாது. இன்னைக்கு யாரையாவது கேட்டுப் பாருங்க, ராஜேந்திர சோழனோட அம்மா பேர் தெரியாது, நந்தினி கதை முழுசாத் தெரியும். உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலனைக் கொன்ன துரோகிகள் பேரை வரிசையாச் சொல்லுது, அவங்க சொந்தபந்தத்தோட நிலம் வரைக்கும் எடுத்துக்கிட்டதைச் சொல்லுது. கல்கி அதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டே, யார் குத்தினதுன்னு மூடி மூடிப் பேசினார். படம் கரிகாலன் சாவுக்குத் தானா ஒரு காட்சியைக் கொடுத்துட்டது. இனிமே அந்தக் காட்சிதான் ஜனங்களுக்குச் சரித்திரம்.

1990ல தூர்தர்ஷனில் 'திப்பு சுல்தானின் வாள்' வந்தப்போ, இது நாவலை வெச்சு எடுத்த கற்பனைன்னு அட்டை போட வெச்சாங்க. அட்டை போட்டா யார் படிக்கிறா? எங்க கோயிலில் வட்டப்பாறைன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு முன்னாடி பொய்ச்சத்தியம் பண்ணினா ஆபத்துன்னு நம்பிக்கை. சரித்திரத் தொடர் எடுக்கிறவங்களை ஷூட்டிங்குக்கு முன்னாடி அங்கே ஒரு நடை கூட்டிட்டு வந்தா நல்லது :-)

சரி, கிண்டல் போதும். நீளமான தொடர் வந்தா நான் எதிர்பார்க்கிறது சண்டைக்காட்சி இல்லை. எங்க பக்கத்து ஊர்களையும் கொஞ்சம் காட்டணும்கிறதுதான். தஞ்சாவூர், கடம்பூர், இலங்கைன்னு கதை ஓடுது, ஆனா அந்த மனுஷங்க கல்லில் பேர் விட்டுட்டுப் போனது இங்கேயும்தான். திண்டிவனம் பக்கம் தாதாபுரம்னு ஒரு ஊர். அன்னைக்கு அது ராஜராஜபுரம். குந்தவை அங்கே சிவனுக்கு ஒண்ணு, பெருமாளுக்கு ஒண்ணு, சமணருக்கு ஒண்ணுன்னு மூணு கோயில் கட்டி, பொன், வெள்ளி, முத்துன்னு கொடுத்ததை எல்லாம் கணக்கா எழுதி வெச்சிருக்காங்க. சமணக் கோயில் இப்போ இல்லை. திரையில் த்ரிஷா வந்த அழகை நான் குறை சொல்லலை. ஆனா மூணு மதத்துக்கும் உட்கார்ந்து கணக்குப் பார்த்து நகை கொடுத்த குந்தவை இன்னும் திரைக்கு வரலை.

திருவாமாத்தூரையே எடுத்துக்குங்க. கண் தெரியாத பதினாறு பேரைத் திருப்பதியம் பாட நியமிச்சு, அவங்களைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வர ரெண்டு பேரையும் போட்டதா இங்கே ஒரு சோழர் காலக் கல்வெட்டு சொல்லுது. பதினெட்டு பேர் வரிசையா விடியக்காலையில் கோயிலுக்கு வர்றதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. எந்த கிராபிக்ஸும் வேண்டாம்.

கடைசியா திருக்கோவலூர். 2019 வரைக்கும் எங்க விழுப்புரம் மாவட்டம், இப்போ கள்ளக்குறிச்சி. கதையில் வர்ற மலையமான் ஊர், கரிகாலனுக்கும் குந்தவைக்கும் அருள்மொழிக்கும் அம்மாவான வானவன் மாதேவி பிறந்த வீடு. நாவலில் அவங்க புருஷனோட கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாங்க, படத்திலும் ஓரமாத்தான். ஆனா கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு, சுந்தர சோழர் இறந்தப்போ பால்குடிக்கிற குழந்தையை விட்டுட்டு அவங்க தீயில் இறங்கினதைச் சொல்லுது. அதே கல்வெட்டில்தான் பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துட்டு கபிலர் தீப்புகுந்த செய்தியும் இருக்கு. பெருமையாத்தான் எழுதியிருக்காங்க. அரசர் குலத்துக்கு அது புகழ். அந்தக் குழந்தை யாரு, அப்புறம் யார் தூக்கினா, குந்தவை அப்போ எங்கே நின்னாங்க, ஒண்ணும் தெரியாது.

கல்கி அதைத் தொடலை. அவர் கதை முடியும்போது ராஜாவும் ராணியும் உயிரோடதான் இருக்காங்க, அதனால தொட வேண்டிய அவசியமும் வரலை. மணிரத்னமும் தொடலை. எட்டு சீசன் காசு யாராவது போட்டாங்கன்னா, கதை அந்த வருஷத்தைத் தாண்டித்தான் ஆகணும். அப்போ அந்தக் காட்சியைப் புகழா எடுப்பாங்களா, கொடுமையா எடுப்பாங்களா, இல்லை சத்தமில்லாம வெட்டிட்டு அடுத்த போருக்குப் போவாங்களா? நான் பார்க்கக் காத்திருக்கிறது அந்த எபிசோடைத்தான்.

நேரில் போறவங்க கீழையூர் கோயிலைப் பார்த்துட்டு, பெண்ணையாற்றில் இருக்கிற கபிலர் குன்றையும் பாருங்க. வெயிலில் போகாதீங்க, பாறை காலைப் பொசுக்கிடும். தாதாபுரம் படங்களை அடுத்த பதிவில் போடறேன்.