பனிக்காலத்தில் கார்த்திகைப்பூவை முளைக்க வைப்பது எப்படி?

ஊரில் கார்த்திகைப்பூவைப் பெரும்பாலும் யாரும் நட்டு வளர்ப்பதில்லை. மாரி மழை தொடங்கியதும் வேலியோரத்திலும் பற்றைக்குள்ளும் தானாக முளைக்கும். மாவீரர் நாளான நவம்பர் 27 அளவில் பூத்திருக்கும். கனடாவில் இருப்பவர்கள் இந்தப் பூவைக் காண, வெளியே பனி கிடக்கும் பெப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ வீட்டுக்குள் கிழங்கை முளைக்க வைக்க வேண்டும். ரொறன்ரோவில் நான் செய்துவரும் முறையை இங்கே தருகிறேன்.

கிழங்கு

விதையிலும் வளரும், ஆனால் பூக்கச் சில ஆண்டுகள் செல்லும். நல்ல கிழங்கு அதே கோடையில் பூக்கும். கலப்பை போல வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும். அது ஒடிந்தால் அந்தப் பக்கம் பிறகு முளைக்காது. எனவே மெதுவாகக் கையாளுங்கள்.

நடுதல்

அகலமான சட்டியில் மணல் கலந்த, நீர் வடியக்கூடிய மண்ணை நிரப்புங்கள். கிழங்கைக் கிடையாக, 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் வையுங்கள். முளை வரும்வரை வெளிச்சத்தை விடச் சூடே முக்கியம். 20 முதல் 25 பாகை செல்சியஸ் நல்லது. குளிர்ந்த யன்னலோரம் வேண்டாம். மண் இலேசாக ஈரமாக இருந்தால் போதும், தண்ணீர் கூடினால் கிழங்கு அழுகிவிடும். முளைக்கச் சில வாரங்கள் எடுக்கும்.

முளைத்த பின்

தெற்குப் பக்க யன்னலுக்கு மாற்றுங்கள். இலை நுனிகளே சுருண்டு பற்றிப் பிடிக்கும் என்பதால் மெல்லிய தடி நடுங்கள். மே 25க்கு முந்திய திங்களான விக்டோரியா நாள் கழிந்து, இரவிலும் 10 பாகைக்கு மேல் இருக்கும்போது வெளியே வைக்கலாம். முதல் ஒரு வாரம் பகலில் மட்டும் நிழலில் வைத்துப் பழக்குங்கள்.

எச்சரிக்கை

செடி முழுவதும் நஞ்சு. அவித்தாலும் போகாது. வற்றாளங்கிழங்கு போன்றவை என்று நினைத்து இதை உண்டவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். கையுறை அணியுங்கள், கிழங்கைக் குசினியில் வைக்காதீர்கள்.

பூக்கும் காலம்

நவம்பரில் பூக்குமா என்று பலர் கேட்கிறார்கள். ஊரில் இந்தக் கிழங்கை மழை எழுப்புகிறது. இங்கே சூடுதான் எழுப்புகிறது. அதனால் கோடையில் பூத்து, இலையுதிர்காலத்தில் கொடி வாடிவிடும். அப்போது தண்ணீரை நிறுத்தி, கிழங்கை எடுத்து உலர்ந்த மணலில் வையுங்கள். நவம்பர் 27 அன்று அது மணலுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளுக்குப் பூவைக் கோடையிலேயே காட்டுங்கள். பெயரில் கார்த்திகை இருக்க ஏன் இப்போது பூக்கிறது என்று கேட்பார்கள். ஊரின் மழையைப் பற்றியும் அந்த நாளைப் பற்றியும் சொல்ல அது நல்ல நேரம்.