டோனாவூர்ச் சித்தியும் திருப்பத்தூர் அண்ணனும்

அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊர்களில் ஒருவரை முறை சொல்லிக் கூப்பிட வேண்டுமானால், அவர் பங்காளியா மாமன் மச்சானா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். பங்காளி, நல்லது கெட்டது இரண்டிலும் உடன் நிற்பவர். மாமன் மச்சான், பெண் கொடுத்து எடுப்பவர். இந்தக் கணக்கு முழுவதும் சாதிக்குள்ளேயே ஓடும். அதே வட்டாரத்துக் கிறிஸ்தவச் சபைகளில் எவரும் எவருக்கும் அண்ணன், அக்கா, பிரதர், சிஸ்டர். உறவில் ஒரு பாதி மட்டும் சபைக்குள் நுழைந்திருக்கிறது. மறு பாதி ஏன் வெளியே நின்றது? சபையைக் குடும்பமாகவே கட்டிப் பார்த்த இரண்டு வீடுகளை அருகருகே வைத்தால் இதற்கு ஓரளவு விடை கிடைக்கிறது.

டோனாவூரில் உருவானது எவரும் திட்டமிட்டுத் தொடங்கிய குடும்பமல்ல. 1901-இல் கோயிலுக்கு விடப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி வந்து மிஷனரி எமி கார்மைக்கேலிடம் அடைக்கலமானாள். அவளைத் தொடர்ந்து குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமமோ எண்ணித் துணிந்த காரியம். 1921-இல் அதைத் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் இருவரும் படித்துத் தேர்ந்த மருத்துவர்கள். முன்னதில் வேறு போக்கிடம் இல்லாதவர்கள் பிள்ளைகள் ஆனார்கள். பின்னதில் போக்கிடம் பல இருந்தும் அவற்றை விட்டு வந்தவர்கள் சகோதரர்கள் ஆனார்கள். அங்கே நடுவில் இருந்தவர் தாய். இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை, அண்ணன்கள் மட்டும்.

ஆனாலும் இரண்டு வீடுகளும் ஒரே முடிவுக்கு வந்தன. மிஷனரி, துரை, துரைசாணி என்ற அன்றைய அழைப்புகளைக் கைவிட்டுத் தமிழ் உறவுமுறையை எடுத்துக்கொண்டன. டோனாவூரில் கார்மைக்கேல் அம்மா, வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்தி, தமிழ்ப் பெண்கள் அக்காள், ஆண்கள் அண்ணாச்சி. திருப்பத்தூரில் ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன்.

இந்தப் பட்டியலில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சித்தி தாயின் தலைமுறை; அக்காள் பிள்ளைகளின் தலைமுறை. ஆக டோனாவூரில் வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் நடுவே ஒரு தலைமுறை இடைவெளி, அன்பான சொற்களுக்குள்ளேயே அமர்ந்திருக்கிறது. திருப்பத்தூரில் அது தலைகீழ். 1882-இல் பிறந்த தமிழர் மூத்தவர், 1891-இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர் இளையவர். எந்த அலுவலகத்திலும் மிஷன் பங்களாவிலும் வெள்ளையருக்கே முதல் நாற்காலி கிடைத்த காலத்தில், செல்வக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் தமிழரின் தம்பியாக வாழ்ந்தார். அது வெறும் பெயரளவு உறவல்ல. 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்தி நின்ற பேட்டனைப் போலீசார் அடித்தார்கள்.

இதை வைத்து டோனாவூரைக் குறைத்து எடைபோடுவது நியாயமாகாது. டோனாவூர்க் குடும்பம் நெய்யூரில் நடத்திய குழந்தைகள் இல்லத்தைத் தூக்கிச் சுமந்தவர் பொன்னம்மாள் என்ற அக்காள். அவர் 1915-இல் இறந்தபோது அந்தக் குடும்பம் தன் தூண் ஒன்றை இழந்தது. கைக்குழந்தைகளுக்கு இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் பெரும்பாலும் அக்காள்களே. திருப்பத்தூர் அண்ணன்கள் நோயாளிகளைக் கவனித்தார்கள். ஆனால் ஒரு சிசுவைப் பெரியவளாகும்வரை வளர்க்கும் பொறுப்பு அவர்கள் வீட்டின் மையத்தில் இல்லை. சமத்துவம் திருப்பத்தூரில் துலக்கமாகத் தெரிகிறது. பராமரிப்பு டோனாவூரில் ஆழமாக இருக்கிறது. எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மனம் வரவில்லை.

எதிர்பாராத ஒற்றுமை இனிமேல்தான் வருகிறது. அம்மா, சித்தி, அக்காள், அண்ணாச்சி, பெரியண்ணன், சின்னண்ணன் ஆகிய அனைத்தும் மண உறவுக்கு இடமில்லாத முறைகள். சித்தி பிள்ளைகள்கூட நமக்கு உடன்பிறப்பு முறைதான். அத்தையும் மாமாவும் மச்சானும் இந்த வரிசையில் இல்லை. மாற்கு நற்செய்தியின் 3-ஆம் அதிகாரத்தில் தம் குடும்பம் யாரென்று இயேசு சொல்லும் இடத்திலும் சகோதரன், சகோதரி, தாய் ஆகியோரே வருகிறார்கள். இரண்டு வீடுகளின் நடுவிலும் மணமாகாதவர்கள் இருந்தார்கள்: கார்மைக்கேல் மணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன்கள் இருவரும் செய்துகொள்ளவில்லை. 1916-இல் டோனாவூரில் ஏழு பெண்கள் மணமின்றிப் பணியில் நிலைக்க ஒரு சகோதரிகள் குழுவாகச் சேர்ந்தார்கள். இரத்த உறவு இல்லாமல் குடும்பம் கட்டியவர்கள், சாதி தன் முழுப் பலத்தோடு காவல் நிற்கும் கல்யாண வாசலை இப்படிச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மதுரை வட்டாரத்துச் சாதாரணச் சபைக்கு அந்தச் சுற்றுவழி கிடையாது. அங்கே இருப்பவர்கள் பிள்ளை குட்டிக்காரர்கள். வீட்டில் சாவு விழுந்தால் சபை அண்ணன்தான் முதலில் ஓடி வருகிறார்; மருத்துவமனையில் இரவு துணைக்கு இருப்பவர் சபை அக்காதான். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மட்டும் பேச்சு சொந்தச் சாதிக்குத் திரும்பிவிடுகிறது. இருபது வருடம் அண்ணன் என்று அழைத்தவரிடம், அவர் வேறு சாதியாக இருந்தால், சம்பந்தம் பேச இன்னும் பலருக்கு நா எழுவதில்லை.