குருசேவ் காலத்து இரசியச் சமுதாயம்

1956 ஆம் ஆண்டு பெப்ருவரி 25 ஆம் நாள், மாஸ்கோவிலே சோவியத்துப் பொதுவுடைமைக் கட்சியின் இருபதாவது மகாநாட்டில், வெளியார் எவரும் அனுமதிக்கப்படாத அமர்வொன்றில், முதற் செயலாளர் நிக்கித்தா குருசேவ் ஏறத்தாழ நான்கு மணி நேரம் உரையாற்றினார். மூன்றாண்டுகட்கு முன் மறைந்த ஸ்டாலின் குற்றமற்ற கட்சியினர் பலரைக் கொல்வித்தார் என்பதே அவ்வுரையின் சாரம். சோவியத்து நாட்டில் 1989 வரை அஃது அச்சேறவில்லை. எனினும் நாடெங்கும் கட்சிக் கூட்டங்களில் வாசிக்கப்பட்டமையால் இரகசியம் என்பது பெயரளவிலேயே நின்றது.

உரையாற்றியவரும் 1930களில் மாஸ்கோவிலும் உக்ரேனிலும் கட்சித் தலைவராயிருந்து ஸ்டாலினின் கட்டளைகளை நிறைவேற்றியவரே. கூட்டுப்பண்ணைகள் அமைத்த காலத்தில் மாண்ட குடியானவரைப் பற்றி அவர் வாய் திறந்திலர். குருசேவ் குடிகளின் அச்சத்தைப் பெரிதும் போக்கினார்; ஆட்சியாளரைத் தட்டிக்கேட்கும் உரிமையை அவர்க்கு வழங்கினாரல்லர் என்பதே எம் துணிபு.

ஆயினும் விளைந்த நன்மை சிறிதன்று. கட்டாய உழைப்பு முகாம்களினின்று இலட்சக்கணக்கானோர் வீடு திரும்பினர். பலரைப் பொறுத்தவரை, குற்றமற்றவர் என்னும் சான்றிதழே அவர் இறந்தபின் உறவினர் கையிற் சேர்ந்தது. அனுமதியின்றித் தொழிலை விட்டு நீங்குதல் குற்றம் என்ற சட்டம் 1956 இல் ஒழிந்தது. நாட்டுப்புறத்தார்க்கோ விடிவு மெல்லவே வந்தது: கூட்டுப்பண்ணையாளர்க்குரிய ஓய்வூதியச் சட்டம் 1964 இலேயே இயற்றப்பட்டது, நகரத்தார் பெற்றிருந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டைப் பெறும் உரிமை 1974 வரை அவர்க்குக் கிட்டவில்லை.

நகரங்களில் நிகழ்ந்த மாற்றத்தை அறிய வீடுகளை நோக்குதல் வேண்டும். ஒரு சமையலறையைப் பல குடும்பங்கள் பகிர்ந்து, பூசலும் ஒட்டுக்கேட்டலுமாய் வாழ்ந்த காலம் அது. 1957 ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் பின், ஆயத்தமாக வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளைப் பொருத்தி ஐந்து மாடிக் கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. கூரை தாழ்வு, மின்தூக்கி இல்லை, சமையலறையோ இருவர் நின்றால் நிறைந்துவிடும். இருந்தும் எத்தனையோ குடும்பங்கள் தம் வாயிற்கதவைத் தாமே சாத்தும் பேற்றை முதன்முறை பெற்றன. அயலார் செவிக்கு எட்டாத அச்சமையலறைகளிலே நண்பர் கூடி அரசியல் பேசத் தலைப்பட்டனர். மகாநாட்டுத் தீர்மானங்கள் பலவற்றினும் அக்கதவே சமுதாயத்தை மிகுதியாக மாற்றியது எனக் கூறத் தோன்றுகின்றது.

வெளியே பேசியவர் நிலை வேறு. 1962 ஜூனில் இறைச்சி, வெண்ணெய் ஆகியவற்றின் விலை உயர்ந்தபொழுது, நொவோசெர்காஸ்க் நகரத்துப் புகைவண்டி எஞ்சின் தொழிற்சாலையினர் வேலைநிறுத்தஞ் செய்து ஊர்வலமாய்ச் சென்றனர். படையினர் சுட்டதில் 26 பேர் மாண்டனர். பின்னர் எழுவர்க்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. இறந்தோர் உடல்கள் கமுக்கமாகப் புதைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில், முகாம் வாழ்வைச் சித்திரிக்கும் சோல்செனிற்சினின் குறுநாவல் வெளிவரக் குருசேவே இசைவளித்தார் என்பது வியப்புக்குரியது.

1957 இல் தம்மை வீழ்த்த முயன்ற மொலொற்றோவை அவர் மொங்கோலியாவுக்குத் தூதராக அனுப்பினார். ஸ்டாலின் காலமாயின் அவர் உயிர் தப்பியிருத்தல் அரிது. 1964 ஒக்டோபரில் சகாக்கள் குருசேவையே நீக்கியபொழுது, அவரும் ஓய்வூதியத்துடன் வீடு சென்றார். மக்கள் செய்தியைப் பத்திரிகையிற் படித்தறிந்தனர். 1971 இல் அவர் காலமான பின், 1962 ஆம் ஆண்டு ஓவியக் கண்காட்சியில் அவரது வசைமொழிக்கு ஆளான சிற்பி ஏர்ன்ஸ்ட் நெய்ஸ்வெஸ்னியே, குடும்பத்தார் வேண்ட, வெண்கல்லும் கருங்கல்லும் இணைத்து அவர் கல்லறைச் சின்னத்தை அமைத்தார்.