கத்தோலிக்க முதலாளியும் சம்பள நாளும்

சிகாமாட்டுக்கும் யோங் பெங்கிற்கும் இடையே, பழைய கூட்டரசு சாலையில் இருக்கும் சிற்றூர் லாபிஸ். சுற்றிலும் செம்பனையும் ரப்பரும். இப்படிப்பட்ட ஊர்களில் நம்மவர் தொழில் என்றால் பெரும்பாலும் சிறுதொழில்தான். சாப்பாட்டுக் கடை, மளிகை, லோரி ஓட்டம், தோட்டத்தில் குலை வெட்டும் காண்ட்ராக்ட். லயத்தில் பிறந்து வளர்ந்து, இன்று பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வந்தவர்கள் உண்டு. அவர்களில் கத்தோலிக்கர்களும் உண்டு.

கடை திறக்கும்போது குருவானவரை அழைத்து மந்திரிப்பார்கள். கல்லாவுக்கு மேல் திரு இருதய ஆண்டவர் படம் மாட்டுவார்கள். அதற்கப்பால் ஒரு முதலாளியிடம் அவருடைய திருச்சபை என்ன எதிர்பார்க்கிறது? தாராளமான காணிக்கையும் திருவிழாவுக்குப் பந்தல் செலவும்தான் என்று நினைப்பவர்கள் அதிகம். போதனையைப் புரட்டிப் பார்த்தால் அவை பின்வரிசையில்தான் இருக்கின்றன. முன்வரிசையில் நிற்பது தொழிலாளியின் சம்பளம்.

தொழிலாளருக்குரிய கூலியை மறுப்பது, வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களில் ஒன்று என்கிறது கத்தோலிக்க மறைக்கல்வி நூல். அந்தச் சிறிய பட்டியலில் கொலையும் இருக்கிறது. சம்பளத்தைக் கொலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும் போதனை இது என்பது பூசைக்குத் தவறாமல் போகும் பலருக்கே தெரியாது.

1891 மே 15ஆம் தேதி திருத்தந்தை 13ஆம் சிங்கராயர், 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். ஐரோப்பியத் தொழிற்சாலைகளில் தொழிலாளர் படும் பாட்டைப் பற்றியது அது. அதில் ஒரு வாதம் லாபிஸ் வரைக்கும் செல்லும். "நான் சொன்ன கூலிக்கு அவன் சம்மதித்தான், அதைக் கொடுத்துவிட்டேன், கணக்குத் தீர்ந்தது" என்று முதலாளி சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் ஒருவன் குறைந்த கூலிக்குத் தலையாட்டினால் அது சம்மதம் ஆகாது. சிக்கனமாக வாழ்பவனுக்கு வாழப் போதுமானதாகக் கூலி இருக்க வேண்டும் என்றார் அவர். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட இன்றைய திருத்தந்தை 14ஆம் சிங்கராயர், அந்தப் பெயரைத் தாம் எடுத்துக்கொண்டதற்கு இந்தச் சுற்றுமடலையும் ஒரு காரணமாகச் சொன்னார்.

மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களிலும் ஆகஸ்டிலிருந்து எல்லா இடங்களிலும் அது நடப்புக்கு வந்தது. சட்டம் போடும் கோடு அது. போதனை கேட்பது அந்தக் கோட்டைத் தாண்டியும் போகும்: இந்த ஊர் வாடகையில், இரண்டு பிள்ளைகளோடு இவன் எப்படி வாழ்கிறான் என்று முதலாளி யோசித்துப் பார்த்தாரா என்பது.

ஆனால் முதலாளியின் பாட்டையும் பார்க்க வேண்டும். செம்பனைக் குலை காண்ட்ராக்டை எடுத்துக்கொள்வோம். டன் கணக்கில் வேலை. மழை பெய்தால் குலை வெளியே வராது. தோட்டத்திலிருந்து வர வேண்டிய பணம் இழுத்தடிக்கும். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமோ, சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. கையில் காசு இல்லாத அந்த வாரத்தில்தான் விசுவாசத்துக்குச் சோதனை. முதலில் யாருக்குக் கொடுப்பது? லோரி தவணைக்கா, மருந்துக் கடைக்காரருக்கா, ஆட்களுக்கா? ஆலோங்கிடம் போகலாமா?

இந்த நெருக்கடியைத் திருத்தந்தை 2ஆம் அருள் சின்னப்பர் 1981இல் எழுதிய 'லாபோரெம் எக்ஸர்சென்ஸ்' சுற்றுமடல் கவனித்திருக்கிறது. நேரடியாக வேலை கொடுப்பவர் மட்டுமல்ல, அவருக்கு மேலே இருந்து நிலைமைகளைத் தீர்மானிக்கும் மறைமுக முதலாளியும் பொறுப்பாளிதான் என்கிறது அது. சின்ன காண்ட்ராக்டரின் கழுத்தை நெரிக்கும் விலையில் வேலையைத் தள்ளிவிட்டு, 'அவர்கள் என் ஆட்கள் அல்ல' என்று கைகழுவ முடியாது. நம் நாட்டுச் சட்டமும் கிட்டத்தட்ட இதையே சொல்வது ஆச்சரியம்தான். காண்ட்ராக்டர் சம்பளம் கொடுக்கத் தவறினால், வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனமும் மூன்று மாதச் சம்பளம் வரை பொறுப்பேற்க வேண்டும்.

அடுத்தது சேமநிதி. தொழிலாளியின் சம்பளத்தில் 11 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டு, ஊழியர் சேமநிதி வாரியத்தில் கட்டாமல் கடையில் புரட்டுவது சில இடங்களில் நடக்கிறது. "அப்புறம் சேர்த்துக் கட்டிவிடலாம்" என்பார்கள். சட்டப்படி அது குற்றம். கத்தோலிக்க முதலாளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது ஈடுசெய்யும் நீதியின் பகுதி என்று மறைக்கல்வி நூல் சொல்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டால் மட்டும் அந்தக் கணக்கு அடையாது. பணம் தொழிலாளியின் கணக்கில் போய்ச் சேர வேண்டும். அந்நியத் தொழிலாளரின் பாஸ்போர்ட்டை முதலாளி பூட்டி வைப்பதும் 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். "ஓடிவிடுவான்" என்ற பயம் நியாயமாகவே இருக்கலாம். அதற்காக ஆளைக் கட்டிப்போட முடியாது.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றினால், அர்ஜெண்டினாவின் என்ரிக்கே ஷாவைப் பார்க்கலாம். 1921இல் பிறந்து, கடற்படையில் சேர்ந்து, 1945இல் விலகி, பிறகு ரிகோலோ என்ற கண்ணாடி ஆலையின் நிர்வாகத்துக்கு வந்தவர். ஒன்பது பிள்ளைகளின் தகப்பன். 1952இல் கிறிஸ்தவத் தொழில் நிர்வாகிகளுக்கு ஒரு சங்கம் அமைத்தார். 1961இல் ஆலையைக் கட்டுப்படுத்திய அமெரிக்க நிறுவனம் 1,200 பேரை வேலைநீக்கம் செய்ய முடிவு செய்தபோது, அப்படி நடந்தால் தாமும் விலகுவதாகச் சொல்லி, வேறு திட்டம் வைத்துத் தடுத்தார். அப்போதே அவருக்குப் புற்றுநோய். அவருக்கு இரத்தம் தேவைப்பட்டபோது ஆலைத் தொழிலாளர்கள் திரண்டு வந்து கொடுத்தார்கள். தம் உடம்பில் இப்போது தொழிலாளர் இரத்தம் ஓடுகிறது என்று அவர் மகிழ்ந்து சொன்னதாகக் கூறுவார்கள். 1962 ஆகஸ்டில் இறந்தபோது வயது 41. திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கான பாதையில் கோட் சூட் போட்ட ஒரு நிர்வாகி செல்வது அடிக்கடி நடப்பதல்ல.

ஷா பெரிய ஆலைக்காரர். நமக்கு அவ்வளவு பெரிய முடிவுகள் வராது. லாபிஸ் கடைக்காரருக்கு வாராவாரம் வரும் கேள்வி ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு திருப்பலியில் பங்கெடுப்பது கத்தோலிக்கருக்குக் கடமை. சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் அந்தக் கடமையை நிறைவேற்றும். ஜொகூரில் இது எளிதாக இருந்ததில்லை. 2014 முதல் 2024 முடியும் வரை பதினோரு ஆண்டுகள் மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியும். அரசு அலுவலகங்களும் பள்ளிக்கூடங்களும் ஞாயிறன்று திறந்திருந்தன; அப்பாவுக்கு ஓய்வு கிடைத்தாலும் பிள்ளைக்குப் பள்ளி. 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு திரும்பி வந்திருக்கிறது. ஆகவே 'ஜொகூரில் ஞாயிறு வேலை நாள்தானே' என்ற பழைய சமாதானம் இனி எடுபடாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். அது எந்த நாள் என்பதை முடிவு செய்பவர் முதலாளி. அதாவது இன்னொருவருடைய ஞாயிறு அவர் கையில் இருக்கிறது. சாப்பாட்டுக் கடை போன்றவற்றில் ஞாயிறு வேலை தவிர்க்க முடியாதது என்பதைத் திருச்சபையே ஏற்றுக்கொள்கிறது. கடையை மூடத்தான் வேண்டும் என்பதில்லை. ஆனால் தான் காலையில் குடும்பத்தோடு பூசைக்குப் போய்விட்டு, அதே விசுவாசமுள்ள உதவியாளரை அடுப்படியிலேயே நிறுத்திவிட்டுப் போவது பொருந்தாது. முறை மாற்றிப் போட்டால் தீரும் விஷயம் இது.

வேறு சமயத்து ஆட்களுக்கும் இதே நியாயம்தான். முஸ்லிம் தொழிலாளிக்கு வெள்ளித் தொழுகை, இந்துத் தொழிலாளிக்குத் தைப்பூசம். ஆயுத பூஜையன்று லோரிக்குப் பொட்டு வைக்க ஓட்டுநர் ஆசைப்பட்டால் முகம் சுளிக்கும் முதலாளிகள் உண்டு. வருடம் முழுதும் அந்த லோரியை ஓட்டுபவர் அவர்.

பெரிய வெள்ளிக்கு மட்டும் ஓர் ஏற்பாடு தேவைப்படும். சபா, சரவாக்கில் அது பொது விடுமுறை, தீபகற்பத்தில் இல்லை. அன்று கடையை அடைக்க விரும்பும் முதலாளி ஆட்களின் ஒரு நாள் சம்பளத்தை வெட்டக்கூடாது. ஆண்டுக்குக் கொடுக்க வேண்டிய 11 பொது விடுமுறைகளில் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், சுல்தான் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தையும் மாற்ற முடியாது. மீதி ஆறில் ஒன்றுக்குப் பதிலாக வேறு நாளை, தொழிலாளியின் சம்மதத்தோடு, சம்பளத்துடன் வைத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே உட்கார்ந்து பேசிக்கொள்வது நல்லது. கேட்காமல் தைப்பூசத்தை மாற்றிவிட்டால் வம்புதான்.