எவ்வளவு கொடுக்குது அண்ணாச்சி?

எங்க ஊர்ப்பக்கம் யாராவது கார் வாங்கினா முதல் கேள்வி விலை இல்லை. "எவ்வளவு கொடுக்குது அண்ணாச்சி?" என்பதுதான். கறவை மாட்டை விசாரிக்கிற மாதிரியே இருக்கும் :-) இந்த ஒரே கேள்வி நம்ம நாட்டில் எந்தக் கார் பிழைக்கணும், எது போகணும்னு தீர்மானிச்சதில் பெரிய பங்கு வகிச்சிருக்கு. அந்தக் கதைதான் இன்னிக்கு. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கங்க மக்களே.

என் பெரியப்பா சாத்தூரில் வாடகைக் கார் ஓட்டினவர். முதலில் அம்பாசடர். 90களில் அதைக் கொடுத்துட்டு, கை மாறி வந்த மாருதி 800. "வாடகைக்குப் போய் இந்தச் சோப்பு டப்பாவா"ன்னு ஸ்டாண்டில் கிண்டல் பண்ணினாங்களாம். அவர் தவறினப்புறம் பீரோவில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைச்சுது. ஒவ்வொரு தடவை டாங்கை நிரப்பும்போதும் ஓடின கிலோமீட்டர், போட்ட லிட்டர், வகுத்து வந்த கணக்கு. பக்கத்தில் பென்சிலில் ஒரு சின்னக் குறிப்பு. "காத்து கம்மி". "கேரியர்". "மதுரை ரோடு, விரட்டல்".

அம்பாசடருக்கு 9, 10. மாருதிக்கு 17, 18. அதே கால், அதே ரோடு. இந்த ரெண்டு நம்பருக்கும் நடுவில்தான் ஒரு சரித்திரமே இருக்கு.

அம்பாசடர் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்போர்டை வச்சு வங்காளத்து உத்தர்பாராவில் செஞ்ச வண்டி. எடை ஒரு டன்னுக்கு மேல. இன்ஜின் முன்னாடி, ஆனா அது சுத்துறது பின்சக்கரத்தை. நடுவில் நீளமா ஒரு தண்டு. பெட்ரோல் மலிவா இருந்தவரை இதெல்லாம் யாருக்கும் உறுத்தலை.

1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் போர் வந்துச்சு. சுமார் 3 டாலருக்கு வித்த கச்சா எண்ணெய் பீப்பாய், சில மாசத்தில் 12 டாலரை நெருங்கிடுச்சு. பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்து அந்த நவம்பரில் வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டுவண்டியில் போனார். 1979இல் ஈரான் புரட்சி, ரெண்டாவது அடி. அமெரிக்காக்காரனே பெரிய காரை விட்டுட்டு ஜப்பான்காரன் செஞ்ச சின்னக் காரைத் தேட ஆரம்பிச்ச காலம் அது.

அந்தக் காத்துதான் இங்கேயும் அடிச்சுது. 1982இல் மாருதி, சுஸுகியோட ஒப்பந்தம் போட்டது. 1983 டிசம்பர் 14 அன்னிக்கு இந்திரா காந்தி முதல் மாருதி 800இன் சாவியைக் கொடுத்தார். 796 சிசி, மூணே சிலிண்டர். எடை சுமார் 650 கிலோ. இன்ஜினும் முன்னாடி, அது இழுக்கிற சக்கரமும் முன்னாடி. நடுத்தண்டு இல்லை, அந்த எடையும் இல்லை.

இப்போ நம்ம வண்டலூருக்கு வாங்க. அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்துச்சு. ஹெரால்டு கார் ஞாபகம் இருக்கா? அவங்கதான். நாடே சின்னக் காரைத் தேடி ஓடின நேரத்தில், 1985இல் அவங்க ஸ்டாண்டர்டு 2000ஐ இறக்கினாங்க. உடம்பு இங்கிலாந்து ரோவரோடது, அழகுன்னா அழகு. இன்ஜின் மட்டும் பழைய வேன்கார்டு வம்சம், 1991 சிசி. அதே வம்சத்து இன்ஜின் ஒரு காலத்தில் பெர்குசன் டிராக்டரில் உழவு ஓட்டியிருக்கு! மாருதியைப் போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு எடை. விலையும் ஜாஸ்தி, குடிக்கிற பெட்ரோலும் ஜாஸ்தி. 1988இல் கதை முடிஞ்சுது. மைலேஜ் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா "எவ்வளவு கொடுக்குது?"க்கு நல்ல பதில் இல்லாத வண்டி இங்கே தேறாதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

சரி, எடை குறைஞ்சா போதுமா? அதுக்கும் பெரியப்பா நோட்டுதான் பதில்.

அதே மாருதி, ஒரு ஆடி கடைசி வெள்ளியில் 12தான் கொடுத்திருக்கு. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுற இடத்தில் இருக்கிற இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்க, அன்னிக்கு லட்சக்கணக்கில் ஜனம் வரும். சாத்தூரிலிருந்து பெரியப்பா நாலு நடை அடிச்சிருக்கார். அதில் ஒரு நடை எங்க குடும்பம். உள்ளே ஏழு உருப்படி, மேலே கேரியரில் பொங்கல் பானை, அண்டா, விறகுக்கட்டு. (கிடா மட்டும் தனியா லோடு ஆட்டோவில் வந்துச்சு, மரியாதையா!)

அந்தப் பக்கத்தில் பென்சில் குறிப்பு: "ஆளு, கேரியர், நின்னு நின்னு, காத்து". நாலு வார்த்தையில் ஒரு பாடப்புத்தகம். நிக்கிற வண்டியை நகர்த்தத்தான் பெட்ரோல் ஜாஸ்தி செலவாகும். எடை கூடக் கூட அதுவும் கூடும். கூட்டத்தில் பத்தடிக்கு ஒரு பிரேக் போட்டா, சேர்த்த வேகமெல்லாம் பிரேக்கில் சூடாப் போயிடும். நகராம இன்ஜின் ஓடினா கிலோமீட்டர் ஏறாது, பெட்ரோல் மட்டும் இறங்கும். டயரில் காத்து கம்மின்னா ரப்பர் நசுங்கி நசுங்கி உருள்றதிலேயே சக்தி வீணாகும். கேரியர் காத்தைத் தடுக்கும். ஆனா இந்த ஊர்ந்து போற ரோட்டில் அது பெரிசில்லை. மதுரை ரோட்டில்தான் அது வேலையைக் காட்டும். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும். "மதுரை ரோடு, விரட்டல்"னு எழுதின இடத்திலெல்லாம் கணக்கு குறைஞ்சிருக்கிற ரகசியம் இதுதான்.

பெரியப்பா சொன்னதில் ஒண்ணு மட்டும் இப்போ செல்லாது. இறக்கம் வந்தா நியூட்ரலில் போடுவார். அது கார்புரேட்டர் காலம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தப்பவே எம்பிஎஃப்ஐயோட வந்துச்சு. புகைக் கட்டுப்பாடு இறுக இறுக எல்லாக் காரும் அதுக்கு மாறிடுச்சு. இதில் கியரை விடாம ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தா, இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திடும். நியூட்ரலில் போட்டாத்தான் இன்ஜின் அணையாம இருக்கப் பெட்ரோல் குடிக்கும். ஆபத்தும் கூட.

புதுசா ஒண்ணும் சேர்ந்திருக்கு. இப்போ பங்கில் வர்ற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தா எத்தனாலில் சக்தி மூணில் ஒரு பங்கு கம்மி. அதனால கணக்கு கொஞ்சம் குறைஞ்சா உடனே மெக்கானிக்கைத் திட்டாதீங்க.

2014இல் மாருதி 800, அம்பாசடர் ரெண்டும் ஒரே வருஷத்தில் நின்னு போச்சு. ஜனவரியில் அது, மே மாசத்தில் இது.

பெரியப்பா பொண்ணு, எங்க அக்காகிட்ட நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் புரட்டிட்டு, "லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் மிச்சம் பிடிச்சாரே, அதிலதாம்பா நான் காலேஜ் ஃபீஸ் கட்டினேன்"னாங்க. எனக்குப் பேச்சே வரலை.

நோட்டில் இன்னும் ஒன்பது பக்கம் வெள்ளையா இருக்கு. போன வாரம் இருக்கன்குடி போயிட்டு வந்து முதல் வரி எழுதிட்டேன். 16.4. காரணம்: "ஏசி".